கோடு போட்டு வேலைக்குப் போன ஆமை

ஒரு காட்டில், எந்தக் காடு என்று தெரிய வேண்டுமானால் தனியாக மனு கொடுக்க வேண்டும், வடிவு என்றொரு மந்தி இருந்தது. மர உச்சியில் உட்கார்ந்து, சிறுத்தை வந்தால் குரல் கொடுப்பது அதன் வேலை. ஒன்பது வருடமாகத் தற்காலிகப் பணி. தினம் ஒரு சீப்பு வாழைப்பழம் கூலி. அதில்தான் இரண்டு குட்டிகளின் வயிறும் நிறைந்தது.

திடீரென்று அந்தப் பணியை நிரந்தரமாக்கினார்கள். அதற்கு ஒரு தேர்வும் வைத்தார்கள்: இங்கிலீஷ் கிராமர். ஜெரண்ட், பார்ட்டிசிபிள், இன்ஃபினிட்டிவ் எது எது என்று கண்டுபிடித்து அடிக்கோடு போட வேண்டும்.

"ஐயா, நான் கத்துறது தமிழ்லதானே?" என்று தேர்வு அதிகாரியான ஆந்தையிடம் கேட்டது வடிவு.

"அதனாலதாம்மா இத்தனை வருஷமா டெம்பரரியாவே இருக்கே."

வடிவு உட்கார்ந்து படித்தது. இந்த மூன்றும் வினைச்சொல்லில் பிறந்தும் வினைச்சொல்லின் வேலையைச் செய்யாத சொற்கள் என்று கைடில் போட்டிருந்தது. அது வடிவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காட்டு அலுவலகத்தில் அப்படிப் பலரை அது பார்த்திருக்கிறது.

தேர்வில் பன்னிரண்டு விடைகள். வடிவு பதினொன்றைக் கண்டுபிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குளக்கரையில் சிறுத்தை தலை காட்ட, பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தது. எல்லோரும் ஓடிப் பிழைத்தார்கள். பக்கத்து இடத்து ஆமை மட்டும் நகரவில்லை. ஸ்கேலும் இரண்டு கலர் ஸ்கெட்ச் பேனாவும் கொண்டுவந்திருந்த அது, வினாத்தாளில் இருந்த அத்தனை வார்த்தைகளுக்கும் நிதானமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

ஆமைக்கு முழு மதிப்பெண்.

"எல்லாத்துக்குமே கோடு போட்டிருக்காரே, ஐயா?"

"அதுல சரியானதும் இருக்கில்ல? கோடு எவ்வளவு நேரா இருக்கு பாரு. நீ தேர்வு ஹால்ல சத்தம் வேற போட்டிருக்கே."

ஆமையால் மரம் ஏற முடியாது என்பது பணி ஆணை போன பிறகுதான் அலுவலகத்துக்கு உறைத்தது. தூக்கிக்கொண்டு ஏற ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். தற்காலிகப் பணி, அரைச் சீப்பு. குட்டிகளை நினைத்து வடிவு ஒப்புக்கொண்டது. இனிமேல் காவல் அதிகாரியான ஆமை மட்டும்தான் குரல் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கையும் வந்தது.

மூன்றாம் நாளே சிறுத்தை வந்தது.

"சார், சிறுத்தை. கத்துங்க."

"எழுத்துல குடும்மா."

வடிவு பொறுக்கமாட்டாமல் தானே கத்தியது. கீழே மேய்ந்துகொண்டிருந்த மான்கள் நிமிர்ந்து பார்த்தன. "இது அதிகாரி குரல் இல்லையே" என்று சொல்லிவிட்டு மறுபடி மேய்ந்தன. ஒரு மான் சிறுத்தை வாயில் போனது.

வடிவு அன்று பூராவும் அழுதது. மறுநாள் அரைச் சீப்பைக் கடையில் கொடுத்து ஒரு ஸ்கேல் வாங்கியது.

நீதி: எது சரி என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், பிள்ளைகளே. எல்லாவற்றுக்கும் கோடு போடுங்கள். நேராகப் போடுங்கள்.