சப்பாத்தைக் கழற்ற வைத்த விசில் அக்கா

விசில் அக்காவுக்கு அஞ்சாத அதிகாரி ஜெர்மனியில் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் சங்கத்துக்கு அரசு நிதி தொடருமா என்று பார்க்க வந்த அம்மையாரை, நீச்சல் குளத்து வாசலிலேயே அவர் ஊதி நிறுத்திய கணத்தில்தான் இது எனக்கு உறைத்தது.

அக்கா பான் நகர நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். கல்யாண வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும். சாப்பாட்டு வரிசையில் முந்துகிறவருக்கு ஓர் ஊதல் நிச்சயம். புதன்தோறும் எங்கள் சங்கத்துப் பெண்களுக்கு நீச்சல் பழக்குவார். யாழ்ப்பாணம், சிரியா, கானா, பக்கத்துத் தெரு ஜெர்மன்காரி, எல்லோரும் ஒரே குளத்தில். நிதி நின்றால் குளத்துக்கு வாடகை இல்லை, வகுப்பும் இல்லை.

நிதி விண்ணப்பம் எழுதுவது என் வேலை. ஒருநாள் தலைவர் அண்ணை பதறிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, பன்மைத்துவம் எண்ட சொல் எங்கையெல்லாம் கிடக்கோ, அழிச்சுவிடும்."

"போன வருசம் அது இல்லாட்டிக் காசில்லை எண்டு நீங்கள்தானே போடச் சொன்னீங்கள்?"

"இப்ப ஏதோ புது விதி வருதாம், அந்தச் சொல் இருந்தாக் காசில்லை எண்டு கதைக்கினம்."

"நிச்சயமோ அண்ணை?"

"நிச்சயமெண்டால் நான் ஏன் பயப்பிடுறன்?"

அழித்தேன். 'உடல்நலம்' என்று போட்டேன். சுவரொட்டியில் கோத்திருந்த பல நிறக் கைகளையும் ஒரே நீலமாக்கினேன். குளிரில் விறைத்த கைகள் என்று நினைத்து இரண்டு பேர் அனுதாபப்பட்டார்கள்.

அக்காவிடம் கெஞ்சினேன். "நிதி பாக்கிற அம்மா வரேக்க அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதேங்கோ."

"நான் ஒரு சொல்லும் சொல்லுறேல்லை. ஊதுறது மட்டும்தான்."

சொன்னபடியே, அந்த நாள் வந்ததும் ஊதினார். அம்மையார் உறைந்து நின்றார்.

"குளக்கரையில் சப்பாத்து போடக்கூடாது!" என்றார் அக்கா, கணீரென்ற ஜெர்மனில். தலைவர் அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டார். எங்கள் நிதியே குனிந்து சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலோடு உள்ளே வந்தது.

"இந்த வகுப்பு யாருக்கு?" என்று கேட்டார் அம்மையார். அழித்த சொல் வந்துவிடக்கூடாதே என்று அக்காவைப் பார்த்தேன்.

"தண்ணீருக்குப் பயந்தவர்களுக்கு," என்றார் அக்கா.

அம்மையார் வாசலுக்குத் திரும்பிச் சப்பாத்தை மாட்டினார். "புது விதி எப்படி வரும் என்று எங்களுக்கே தெரியாது," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

பதில் இன்னும் வரவில்லை. 'யாருக்கு' என்ற இடத்தில் அக்கா சொன்னதையே எழுதி, விண்ணப்பத்தைத் திருத்தி அனுப்பிவிட்டேன்.

"காசு வராட்டி என்னக்கா செய்யிறது?"

"அதை வராட்டிப் பாப்பம். எழுதி எழுதித் தள்ளுறாய், ஒருநாளாவது தண்ணிக்குள்ள இறங்கினனியோ?"

இல்லை. எனக்கும் பயம்தான். வகுப்பு இருக்கும்போதே, இந்தப் புதன் இறங்கிப் பார்க்கப் போகிறேன். அக்கா கையைப் பிடிக்கமாட்டாராம், பக்கத்தில் நிற்பாராம். எனக்கு அது போதும்.