நாற்பது சதவீதம் துரு

மனிதனுக்கு வயதானால் அது முகத்தில் தெரிகிறது. வாகனத்துக்கு வயதானால் அது தகரத்தில் தெரிய வேண்டும். தெரியாமல் போனால் என்ன நடவடிக்கை எடுப்பது என்பது பற்றி அலுவலகங்கள் நீண்ட காலமாகக் கவலைப்படாமல் இருந்துவந்தன. அந்தக் கவலையைத் தொடங்கிவைத்த பெருமை பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெனடிக்ட்டையே சேரும்.

எங்கள் தெருவில்தான் அவர் பட்டறை. பம்பு செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். ஐம்பத்தேழு வயது. ஆணி வாங்கினாலும் மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்துத்தான் வாங்குவார் என்பதைத் தவிர அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனைவி விமலாராணி மிஷன் பள்ளியில் வேதியியல் டீச்சர்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பம்பு விஷயமாக உடுமலைப்பேட்டை போன பெனடிக்ட், அங்கே ஒரு தென்னந்தோப்பில் ஜீப் ஒன்றைப் பார்த்தார். அறுபத்து நாலாம் வருடத்து வண்டி. தோப்புக்காரர் திருமலைசாமி அதில் தேங்காய் மட்டை போட்டு வைத்திருந்தார். டிரைவர் சீட் இருந்த இடத்தில் கோழி ஒன்று அடை காத்துக்கொண்டிருந்தது.

"ஓட்டறதுக்கா கேக்கறீங்க?" என்றார் திருமலைசாமி.

"ஆமாங்க."

"கோழி இன்னும் எட்டு நாள்ல எந்திரிச்சுக்குமுங்க. அப்புறம் எடுத்துக்குங்க."

எட்டு நாள் கழித்து லாரியில் வந்து இறங்கியதை விமலாராணி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஜீப்பு வருதுன்னு சொன்னீங்க. எங்கீங்க?"

"இதுதான் அம்மணி."

"இரும்பு எங்க முடியுது, துரு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலீங்களே" என்றார் விமலாராணி. வேதியியல் டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பெனடிக்ட் வேலையை அடியிலிருந்து தொடங்கினார். மேல் உடம்பைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, அடிச்சட்டமான சேஸை மட்டும் நாலு ஸ்டாண்டின் மேல் நிறுத்தினார். மணலை வீசியடித்துத் துருவை உதிர்த்தபோது குறுக்குச் சட்டம் ஒன்று பிஸ்கட் மாதிரி உடைந்து விழுந்தது. அதே அளவில் வேறொன்று செய்து வைத்தார். நம்பர் பொறித்த பக்கத்தை மட்டும் இயந்திரத்திடம் விடாமல், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கையால் தேய்த்தார். இஞ்சினைக் கடைசி நட்டு வரை பிரித்தார். பிஸ்டன் ஓடும் துளைகளைக் கடைந்தார். ஸ்பிரிங் பட்டைகளை அடித்து வளைத்தார். தரைத் தகரம் முழுவதையும் புதிதாக வெட்டினார். எல்லாம் சேர்ந்து இரண்டு வருடம் மூன்று மாதம் ஆயிற்று.

முதல் ஆறு மாதம் விமலாராணி பட்டறைப் பக்கமே வரவில்லை. ஏழாவது மாதம் சாப்பிடக் கூப்பிட வந்தவர், கணவர் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு வால்வு இடைவெளியை அளக்கத் திணறுவதைப் பார்த்தார். அளவுத் தகட்டை அவர் கையிலிருந்து வாங்கித் தானே உள்ளே விட்டுப் பார்த்தார். அன்று சாப்பாடு ஆறிப்போனது. அதற்குப் பிறகு பள்ளி விட்டதும் நேரே பட்டறைதான். பெயின்ட்டுக்கு முன்னால் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கிற வேலை முழுவதும் அவருடையது. வண்டிக்குப் பாசிப்பயறுப் பச்சை அடித்தார்கள். முகம் பார்த்து நெற்றியில் பவுடர் துடைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு.

இஞ்சின் முதல்முறை உயிர் பிடித்த அன்று பெனடிக்ட் சிரித்தார், விமலாராணி அழுதார். பிறகு இருவரும் மாற்றிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் பன்னிரண்டு அவர்களுடைய முப்பதாவது கல்யாண நாள். அன்று கோத்தகிரிக்கு ஜீப்பில் போவது, மலை முழுவதும் விமலாராணியே ஓட்டுவது என்று முடிவாயிற்று. அதற்குள் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். பதிவில்லாமல் தெருமுனைக்குக்கூட வண்டியை எடுக்கிற ஆள் இல்லை பெனடிக்ட். ஜீப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு போக்குவரத்து அலுவலகம் போனார். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். எனக்கும் அங்கே ஒரு வேலை பாக்கியிருக்கிறது.

ஆய்வாளர் வெங்கடபதி மரியாதை தெரிந்தவர். முடியாது என்பதைக்கூட எழுந்து நின்றுதான் சொல்வார்.

"அருமையா இருக்குதுங்க வண்டி. அதானுங்க பிரச்சனை."

"என்னங்க பிரச்சனை?"

"படிவத்துல பதினோராவது கேள்விங்க. 'வாகனத்தின் தோற்றம்: பழையது அல்லது புதியது.' ரெண்டுல ஒண்ணை நான் டிக் அடிக்கோணுமுங்க."

"பழசுங்க. அறுபத்து நாலு."

"பாத்தா அப்படித் தெரியலீங்களே. நாளைக்கு ஆடிட்காரங்க போட்டோவைப் பாத்தா, வெங்கடபதி புது வண்டியைப் பழசுன்னு எழுதிப்போட்டான்னு என்னையல்லங்க கேப்பாங்க?"

"அப்பப் புதுசுன்னே எழுதிக்குங்க."

"எழுதலாமுங்க. புதுசுன்னா காத்துப் பை ரெண்டு வேணும். புகை இந்த வருசத்துச் சட்டப்படி வரோணும். பெல்ட்டு போடலைன்னா வண்டி கத்தோணும். உங்க வண்டி கத்துமுங்களா?"

"கத்தாதுங்க."

"பாத்தீங்களா."

"சேஸ் நம்பரைப் பாருங்க சார். அறுபத்து நாலுன்னு அதுவே சொல்லுது."

வெங்கடபதி குனிந்து பார்த்துவிட்டு வருத்தத்தோடு நிமிர்ந்தார். "நம்பர் தெளிவாப் படிக்கற மாதிரி இருக்குதுங்க. என்ற இருவத்தெட்டு வருச சர்வீஸ்ல பழைய வண்டி நம்பரை நான் முழுசாப் படிச்சதே இல்லீங்க. எனக்கு இன்னும் சந்தேகம் அதிகமாகுது."

நான்காம் நாள் கடிதம் வந்தது. 'மேற்படி வாகனம் தன் வயதை மறைத்துள்ளதாகக் கருத இடமிருப்பதால், முப்பது நாட்களுக்குள் பழமை உறுதிப்பாட்டுக் குழுவின் சான்றைச் சமர்ப்பிக்க வேண்டியது. தவறும் பட்சத்தில் பதிவு ரத்து செய்யப்பட்டு, வாகனம் பழைய இரும்பாகப் பாவிக்கப்பட்டு உடைப்புக்கு அனுப்பப்படும்.' புதிதாக இருக்கிற குற்றத்துக்குப் பழைய இரும்பாகப் பாவிக்கப்படும் என்ற வரியை பெனடிக்ட் மூன்று முறை படித்தார். அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

அந்தக் குழுவில் மூன்று பேர். வெங்கடபதி ஒருவர். இன்னொருவர் மில் அதிபர் நரசிம்மலு, கோவைத் தொன்மை வாகன ரசிகர் மன்றத்தின் தலைவர். மூன்றாமவர் மானசா. பெங்களூரில் படித்துவிட்டு வந்த துரு வடிவமைப்பாளர். அப்படி ஒரு தொழில் இருப்பது பெனடிக்ட்டுக்கு அன்றுதான் தெரிந்தது.

பழைய வண்டியைப் புதிதாக்குவது பழைய நாகரிகமாம். இப்போது துருதான் அழகு. நரசிம்மலுவின் ஜீப் மன்றக் கட்டிடத்தில் ஏசி அறையில் நின்றது. உச்சி முதல் உள்ளங்கால் வரை துரு. ஈரம் பட்டால் துரு துருப்பிடித்துவிடும் என்பதால் ஏசி.

நரசிம்மலு வெளியே வந்து, மறுபடி லாரியில் வந்து இறங்கிய பெனடிக்ட்டின் வண்டியைப் பார்த்தார். "கொன்னுபோட்டீங்களே பெனடிக்ட்டு."

"நல்லா ஓடுதுங்களே."

"ஓடறது ஒரு பெருமைங்களா? டவுன் பஸ்சுகூடத்தான் ஓடுது. துரு எங்கீங்க?"

"மணல் அடிச்சு எடுத்துப்போட்டனுங்க."

சுற்றி நின்ற உறுப்பினர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மானசா மெல்லிய குரலில், "அத்தனையுமா அங்கிள்?" என்றார்.

"கூட்டி வாரிக் குப்பையில போட்டுட்டன் கண்ணு."

மானசாவுக்கு யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"அய்யா வண்டியில துரு எப்படிக் கண்ணு வந்துச்சு?" என்று பெனடிக்ட் கேட்டார்.

"முதல்ல புதுசா பெயின்ட் அடிச்சோம் அங்கிள். அப்புறம் வினிகரும் உப்புத் தண்ணியும். ஏழு மாசம் என் கையாலயே ஸ்ப்ரே பண்ணுனேன். முழுக்க ஆர்கானிக்."

"நாப்பது சதவீதமாச்சும் துரு வேணுமுங்க" என்றார் நரசிம்மலு. "குறைஞ்சா என் மனசாட்சி கையெழுத்துப் போடாது."

வீட்டுக்கு வந்த பெனடிக்ட் வினிகர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பானெட்டின் முன்னால் நின்றார். அரை மணி நேரம் நின்றார். அந்தப் பச்சையில் தன் முகமும் பாட்டிலும் தெரிந்ததே தவிர, கை நகரவில்லை.

"என்னால ஆகாது அம்மணி. உடைச்சாலும் உடைச்சுக்கட்டும்."

விமலாராணி பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்தார். "துருன்னா என்னங்க?"

"இரும்பு, காத்து, தண்ணி மூணும் சேந்து..."

"அது பரீட்சைக்குங்க. குழுவுக்குத் துருன்னா ஒரு நிறம், அவ்வளவுதான்."

மைதாப் பசை காய்ச்சினார். அதில் காவிப் பொடி, கொஞ்சம் செம்மண், நிறம் கூட்ட இரண்டு டம்ளர் காபி டிகாஷன். சோப்புத் தண்ணீர் பட்டால் தடம் தெரியாமல் போய்விடும், பெயின்ட்டுக்கு ஒரு கீறல் விழாது. பழைய சென்னிமலைப் போர்வையைச் சுருட்டி ஒற்றி ஒற்றி எடுத்தார். பெனடிக்ட்டுக்கு இந்த மோசடியில் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் நாற்பது என்றால் நாற்பது இருக்க வேண்டாமா? சாக்பீஸால் கட்டம் போட்டு எண்ணி, "முப்பத்தேழுதான் வருது, கதவுல இன்னும் கொஞ்சம் வை" என்றார்.

குழு வந்தது. நரசிம்மலு கதவருகே மூக்கை வைத்து ஆழமாக இழுத்தார். கண்கள் மூடிக்கொண்டன.

"காப்பித் தோட்டத்துல ஓடுன வண்டிங்க இது. துருவுலயே வாசம் நிக்குது பாருங்க."

"தென்னந்தோப்புங்க" என்றார் பெனடிக்ட், பொய் சொல்லிப் பழக்கமில்லாமல்.

"அதுக்கு முன்னாலீங்க. உங்களுக்குத் தெரியாது."

மானசா துருவை விரலால் தொட்டுவிட்டு, "இப்படி ஒண்ணைச் செய்யவே முடியாது" என்றார். "இது காலம் பண்ணுற வேலை." மைதாவைத் தேடி வரிசையாக வந்திருந்த எறும்புகளை வெங்கடபதி கவனித்தார். 'எறும்புகள் பரம்பரையாகக் குடியிருக்கும் அளவுக்குப் பழமை வாய்ந்தது' என்று குறித்துக்கொண்டு, பதினோராவது கேள்வியில் பழையது என்று டிக் அடித்தார். சான்றின் கீழே ஒரு நிபந்தனை இருந்தது: 'மேற்படி துரு பாரம்பரியச் சின்னமாகையால், உரிமையாளர் அதைக் குறைவின்றிப் பராமரிக்கக் கடமைப்பட்டவர்.'

அதனால் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி ஜீப் துருவோடுதான் கிளம்பியது. விமலாராணி ஓட்ட, பக்கத்தில் பெனடிக்ட். காரமடை தாண்டியதும் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் சிவப்பாக ஓடிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க வண்டி கரையுதுங்க!" என்று கத்திக்கொண்டே வந்தார். மேட்டுப்பாளையம் சோதனைச் சாவடியில் நிறுத்தியபோது ஜீப் பச்சைப் பசேலென்று மின்னியது. குடையோடு நின்றவர் வெங்கடபதி.

"துரு எங்கீங்க?"

"மழையில போயிருச்சுங்க" என்றார் பெனடிக்ட்.

"அறுவது வருசத் துரு ஒரு மழைக்குப் போயிருமுங்களா?"

"அதைச் சான்று குடுத்த குழுவைத்தானுங்க கேக்கோணும்" என்றார் விமலாராணி, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்.

அந்தக் குழுவில் தான் இருப்பது வெங்கடபதிக்கு நினைவு வந்தது. ஆடிட் நினைவு வந்தது. குடை ஒரு பக்கம் சாய்ந்து மழை அவர் தோளில் விழுந்தது. சற்று நேரம் நனைந்துவிட்டு, "ரோடு வழுக்குமுங்க. பாத்துப் போங்கம்மா" என்றார்.

விமலாராணி மலை முழுவதும் இரண்டாவது கியரில் ஏற்றினார். சேறாகிக் கிடந்த ஒரு வளைவில் கார்கள் எல்லாம் நின்றுவிட, நாலு சக்கரத்துக்கும் கியரைப் போட்டுவிட்டு ஓரமாக ஏறிப் போனபோது அவர் வாய்விட்டுக் கூவினார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு சத்தத்தை அவரிடமிருந்து கேட்டதில்லை என்று பெனடிக்ட் என்னிடம் சொன்னார். சொல்லும்போது இன்னமும் கண் மின்னுகிறது.

குழு அவசரமாகக் கூடியது. வண்டி சரி, சான்றும் சரி, மழைதான் முன் அனுமதியின்றிப் பெய்துள்ளது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. இழந்த துருவை அடுத்த ஆய்வுக்குள் ஈடுசெய்ய உரிமையாளருக்கு அவகாசம் தரப்பட்டது.

அடுத்த வாரம் நரசிம்மலு தனியாகப் பட்டறைக்கு வந்தார். ஒரு கால் கட்டுப் போட்டிருந்தது.

"ஒரு கல்யாணத்துக்காக வண்டியை வெளிய எடுத்தனுங்க. பிரேக்கை மிதிச்சேன். கால் தகரத்தைப் பொத்துக்கிட்டு அவினாசி ரோட்டுல நின்னுச்சு. வண்டி நிக்கலை." குரலைத் தாழ்த்தினார். "சேஸ்லயிருந்து பண்ணிக் குடுத்திருங்க. மேல மட்டும் அம்மணி கையால அந்தக் காப்பி வாசம் வரோணும். மானசாவுக்குத் தெரிய வேண்டாம்."

மறுநாள் மானசாவும் வந்தார், செய்முறை கேட்டு. நரசிம்மலு அங்கிளுக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

இப்போது எங்கள் தெருவில் ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. பட்டறையின் முன்பக்கம் பெனடிக்ட் புதிதாக்குகிறார். பின்பக்கம் விமலாராணி பழையதாக்குகிறார். வெங்கடபதி வரிசையை ஒழுங்குபடுத்த வாரம் ஒருமுறை வருகிறார்.

போன மாதம் என் ஸ்கூட்டருக்குப் பதினைந்து வருடம் முடிந்தது. படிவத்தில் எனக்கும் அந்தப் பதினோராவது கேள்வி. வண்டியை உருட்டிக்கொண்டு போய் விமலாராணி டீச்சர் முன்னால் நிறுத்தினேன். எத்தனை சதவீதம் பூச வேண்டியிருக்கும் என்று கேட்டேன். அவர் மட்கார்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது நிசத் துருங்க. குழுவுல நிக்காது. அவருகிட்டக் குடுத்து இதை ஒழுங்காத் தேய்ச்சு எடுத்துட்டு வாங்க, அப்புறம் நல்லதா நான் பூசித் தாரனுங்க."

உடனே சாவியைக் கொடுத்துவிட்டேன். எனக்கே அந்தத் துரு கொஞ்ச நாளாகச் செயற்கையாகத்தான் பட்டுக்கொண்டிருந்தது.