பின்பக்கம் பார்த்த டிரைவர்

டிவி திரையில், பந்தயத்துக்கு எட்டு கார்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஏழு கார்களும் ஒரு குளியல் தொட்டியும் நின்றன.

"இது என்னடா கண்ணு?" என்று கேட்டான் வாஷிங் மெஷின் மெக்கானிக்.

"பாத் டப். நானே கட்டினது. ஓடும்பா, பாரு."

மகள் பட்டனை அழுத்தினாள். தொட்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. அவன் கண் திரை முழுக்க வேறு எதையோ தேடியது.

"இதுல ஒரு சிவப்பு வண்டி இருந்துச்சே?"

"இல்லையே."

"இருந்துச்சு. டிரைவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பான்."

"பின்பக்கம் பார்த்தா எப்படிப்பா ஓட்டுவான்?"

"அதெல்லாம் ஓட்டுவான். எங்க அது?"

"நான் பரண்ல இருந்து எடுத்துப் போடும்போதே மெமரி கார்டு காலியாத்தான் இருந்துச்சு. சத்தியமா."

மெக்கானிக் இந்தப் பாட்டை நாள்தோறும் கேட்பவன். மெஷினுக்குள்ளிருந்து ஹேர்பின்னும் சில்லறையும் எடுத்து நீட்டும்போது எந்த வீட்டிலும் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. 'வாங்கும்போதே இருந்திருக்கும்' என்பார்கள். மகளை அவன் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டான்.

அந்தச் சிவப்பு வண்டிக்குப் பெயர் எருமை. பொம்மைக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி நாமே கார் செய்து, அதிலேயே பந்தயம் ஓடுகிற வீடியோ கேம் அது. பள்ளிக்கூட நாட்களில் அவனும் அவன் அண்ணனும் அதில் கிடையாய்க் கிடந்தார்கள். தம்பி கட்டுவான், அண்ணன் ஓட்டுவான். கட்டுகிற அவசரத்தில் டிரைவர் பொம்மையைத் திருப்பி வைத்துவிட்டான் தம்பி. முதல் பந்தயத்திலேயே வண்டி ஜெயித்துத் தொலைத்ததால், பிறகு பொம்மையைத் திருப்ப இருவருக்குமே தைரியம் வரவில்லை. வலப்பக்கச் சக்கரங்கள் பெரிது, இடப்பக்கம் சிறிது. வண்டி எந்நேரமும் இடது பக்கம் இழுக்கும். சட்டைக்கும் சைக்கிளுக்கும் ஜன்னலோரத்துக்கும் அடித்துக்கொண்டவர்கள் எருமைக்காக மட்டும் அடித்துக்கொண்டதில்லை.

எருமை குடியிருந்தது தீப்பெட்டி அளவு மெமரி கார்டு ஒன்றில். ஒரே மாதிரி இரண்டு கார்டு வாங்கியிருந்தார்கள். வளர்ந்து தனித்தனி வீடு போனபோது, கேம் பெட்டியும் எருமை இருந்த கார்டும் தம்பிக்கு, காலி கார்டு அண்ணனுக்கு என்று முறைப்படி பாகப்பிரிவினை நடந்தது.

அப்புறம் அண்ணன் வீடு மாற்றினான். பீரோ தூக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டான். தம்பி, "முதுகு பிடிச்சுக்கிச்சு, அண்ணே. அசைய முடியல" என்றான். பீரோவிலிருந்து ஒழித்த சில்லறைச் சாமான்கள் சட்டைப் பையில் பிதுங்க, பதறிப் போய்த் தைலப் புட்டியோடு ஓடி வந்த அண்ணன் கண்டது, தம்பி டிவி முன்னால் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து எருமையை ஓட்டிக்கொண்டிருந்த காட்சி. பேச்சு தடித்தது. தம்பி கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனான். அண்ணன் அந்த அறையில் கொஞ்ச நேரம் தனியாக நின்று மூச்சு வாங்கிவிட்டுக் கிளம்பினான். தம்பி திரும்பி வந்த கையோடு எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினான்.

அதன் பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. தம்பிக்கு மகள் பிறந்து அவள் பள்ளிக்கூடமும் போயாயிற்று, பேச்சு மட்டும் வரவில்லை.

போன வாரம் அண்ணனே போனில் கூப்பிட்டான். "வியாழக்கிழமை வரேன். அண்ணியும் வரா" என்றான். பிறகு இருவரும் வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்.

"அந்த கேம் இருக்காடா?" என்றான் அண்ணன் கடைசியில்.

"இல்லாம?"

"எருமை?"

பரண் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன், வாய்க்கு வந்ததைச் சொன்னான். "வாராவாரம் எடுத்து ஓட்டுறேன், அண்ணே."

மறுமுனையில் அண்ணன் இரண்டு முறை இருமிக்கொண்டான். "வாராவாரமா?"

"ஆமா."

"எருமை... நல்லா இருக்கா?"

"ஜம்முனு இருக்கு."

இன்றைக்கு வியாழக்கிழமை. சாயங்காலம் அண்ணன் வந்துவிடுவான். எருமை இருந்த இடத்தில் குளியல் தொட்டி.

"உங்க அண்ணன் உங்களைப் பார்க்க வராரா, அந்தக் கட்டை வண்டியைப் பார்க்க வராரா?" என்று கேட்டாள் மனைவி.

"ரெண்டும் ஒண்ணுதான். வண்டி இல்லேன்னா, இதைக்கூடக் காப்பாத்த வக்கில்லையான்னு வாசல்லயே திரும்பிடுவான். அவன் ரோஷம் உனக்குத் தெரியாது."

"எனக்கு உங்க ரோஷம் தெரியும். அதே கம்பெனி சரக்குதானே."

கார்டை உருவிப் பார்த்தான். சின்ன வயதில் தோற்ற ஆத்திரத்தில் அதன் ஓரத்தை அவன் கடித்த பல் தடம் இருக்க வேண்டும். இல்லை. ரிமோட்டைக் கடித்திருப்போம் என்று விட்டுவிட்டான்.

சரி, புதிதாகவே கட்டிவிடலாம். சக்கரம் வேண்டும். மகள் பால் குடிக்கப் போன நேரம் பார்த்துக் குளியல் தொட்டியைப் பிரித்து மேய்ந்தான். நான்கு சக்கரமும் சிறியவை. பெரிய சக்கரமும் சிவப்புக் கட்டைகளும் பந்தயத்தில் ஜெயித்தால்தான் கிடைக்கும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பந்தயத்தில் ஜெயிக்கிற லட்சணத்தில் இருந்த ஒரே வண்டியை அவன் இப்போதுதான் பிரித்துப் போட்டிருந்தான்.

மகள் பால் மீசையோடு திரும்பி வந்தாள். திரையைப் பார்த்தாள். அழவில்லை. "நீ எல்லாம் ஒரு அப்பாவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

கிடைத்த கட்டைகளை வைத்து ஒரு பலகை மாதிரி கட்டி அவனே ஓட்டினான். எட்டாவதாக வந்தான். மறுபடி ஓட்டினான். இந்த முறை எட்டாவதாகக்கூட வரவில்லை, மரத்தில் மோதி அங்கேயே நின்றுவிட்டான்.

எதிர் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். மாஸ்டர் என்றால் தெருவுக்கே தெரியும். அவரைக் கையோடு கூட்டி வந்தான்.

மாஸ்டர் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார். கேம் ரிமோட்டை இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்தார்.

"இண்டிகேட்டர் எது?"

"இண்டிகேட்டர் எல்லாம் இல்ல, மாஸ்டர்."

"கண்ணாடி?"

"கிடையாது."

"இந்த வண்டிக்கு எவன் லைசென்ஸ் கொடுத்தான்?"

பந்தயம் தொடங்கியது. ஏழு கார்களும் பறந்தன. மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் புறப்பட்டார். முதல் வளைவில் நின்று, சுற்றி வந்துவிட்ட கார்களுக்கு வழி விட்டார்.

"மாஸ்டர், இது ரேஸு! முந்திப் போங்க!"

"வளைவுல முந்தக் கூடாது. நானே முந்தினா நாளைக்கு என் ஸ்டூடன்ட்ஸ் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

கடைசியாக வந்தார். ஆனால் வண்டியில் ஒரு கீறல் இல்லை. அதை இரண்டு முறை சுட்டிக் காட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அவர் ஓட்டி முடித்ததில் பாதி மதியம் போய்விட்டது.

வேறு வழியில்லை. தாழிட்ட கதவின் முன்னால் போய் நின்றான்.

"கண்ணு, அப்பாவுக்கு ஒரே ஒரு பந்தயம் ஜெயிச்சுக் கொடு."

"நான் அழிக்கலைன்னு சொல்லு."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்போ நானும் அப்புறம் பார்த்துக்கறேன்."

மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "சொல்லித் தொலைங்களேன். வாய் என்ன தேய்ஞ்சா போயிடும்?"

"சரி. நீ அழிக்கல," என்றான். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தான்.

கதவு திறந்தது. மகள் அந்தப் பலகையை இரண்டு இடத்தில் மாற்றிச் செருகினாள். வரிசையாக ஜெயித்தாள். பெரிய சக்கரங்கள் வந்தன. சிவப்புக் கட்டைகள் பாதி வண்டிக்குத்தான் தேறின. மீதிக்கு மஞ்சளைச் செருகினான் மெக்கானிக். டிரைவரைப் பின்பக்கம் பார்க்க வைத்தான். தள்ளி நின்று பார்த்தான். எருமைக்கு மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருந்தது.

மெக்கானிக் மூளை அதற்கும் வழி கண்டுபிடித்தது. டிவியின் நிற அமைப்பைத் திருகித் திருகி மஞ்சளும் சிவப்பாகத் தெரியும்படி செய்தான். எருமை தேறிவிட்டது. பக்கத்து சேனலில் செய்தி வாசித்த அம்மாளின் முகம் வெந்த தக்காளி மாதிரி ஆகிவிட்டது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

வாசல் மணி அடித்தது.

அண்ணனுக்குத் தலை நரைத்திருந்தது. அண்ணி கையில் பைகள். "வா," "வரேன்," "எளைச்சிட்டே," "நீ பெருத்துட்ட" எல்லாம் வாசலிலேயே முடிந்தன. அண்ணி மனைவியோடு சமையலறைக்குப் போனாள். அண்ணன் டிவிக்கு எதிரே உட்கார்ந்தான். அவன் கை அடிக்கடி சட்டைப் பைக்குப் போய்ப் போய் வந்தது. நெஞ்சு வலியோ என்று தம்பி பயந்தான்.

"தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டாயேன்."

"இதோ, உன் முன்னாடியே இருக்கு, அண்ணே."

"சுடுதண்ணி."

"ஏய், சுடுதண்ணி!" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினான் தம்பி. அண்ணனை விட்டு நகர அவனுக்கு மனமில்லை.

"நீ போயேன்டா. எனக்குக் கொஞ்ச நேரம் இங்க தனியா உட்காரணும்போல இருக்கு."

"தனியா எதுக்கு? இத்தனை வருஷம் தனியாத்தானே உட்கார்ந்திருந்தோம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். கண் ஓரம் ஈரமானது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. எருமை விஷயமா..."

தம்பிக்குப் பகீரென்றது. கேள்வி எதுவும் வருவதற்கு முன்னால் காட்டிவிடுவது நல்லது. டக்கென்று பட்டனை அழுத்தினான். திரையில் எருமை வந்து நின்றது. முழுச் சிவப்பு. டிரைவர் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் எழுந்தான். திரைக்கு அருகே போனான். பேயைக் கண்டவன்போல ஒரு விரலால் அதைத் தொட்டான்.

"இது எப்படிடா... இங்க?"

"இங்க இல்லாம வேற எங்க இருக்கும்? வாராவாரம் ஓட்டுறேன்னு சொன்னேனே."

அண்ணன் அவனைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், கேம் பெட்டியில் செருகியிருந்த கார்டைப் பார்த்தான். பிறகு வேகவேகமாகத் தலையாட்டினான்.

"அதேதான்டா. அதே வண்டி. ஒரு கட்டைகூட மாறல."

"ஓட்டிப் பாரு, அண்ணே."

அண்ணன் ஓட்டினான். எருமை இடது பக்கம் இழுத்தது. அண்ணன் நாக்கைத் துருத்திக்கொண்டு வலது பக்கம் சாய, தம்பியும் கூடவே சாய்ந்தான். இருவர் தோளும் இடித்துக்கொண்டன. ஏமாளி, பாதி வண்டி மஞ்சள் என்றுகூடத் தெரியவில்லை என்று தம்பி உள்ளுக்குள் சிரித்தான். அன்றைக்கு முதுகு வலிக்கவில்லை என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"பெரியப்பா, கார்டு காலியாத்தான் இருந்துச்சு," என்றாள் மகள் மூலையிலிருந்து. "யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"சும்மா இரு," என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில்.

அப்போது சுடுதண்ணியோடு வந்தாள் அண்ணி. திரையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த பல் தடம் பதிந்த கார்டைப் பார்த்தாள்.

"இது அதே வண்டின்னா, அன்னிக்கு உங்க காலி கார்டை இங்க வெச்சுட்டு நீங்க மாத்தி எடுத்துட்டு வந்து, இத்தனை வருஷமா பீரோவுல என் நகையோட பூட்டி வெச்சிருந்தீங்களே, அது என்ன வண்டிங்க?"