வேட்பாளரின் கணவர்

"இதையும் படிச்சுத்தான் ஆகணுமா, மனோங்?" என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாகக் கேட்டார் செயலாளர் புரிங்.

"பெட்டியில என்ன விழுந்தாலும் சபையில படிக்கணும். விதி அதுதான்" என்றார் தியோஃபிலோ. அந்த விதியை எழுதியவரும் அவர்தான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புகார்ப் பெட்டியில் கிடந்த சீட்டை உரக்கப் படித்தார். 'வேட்பாளர்களை முடிவு செய்யும் குழுவின் தலைவர் தியோஃபிலோ. சங்கத் தலைவர் பதவிக்கு வந்திருக்கும் ஒரே பெயர் ரெமெடியோஸ். அந்த அம்மாள் இவருடைய மனைவி. இது எந்த ஊர் நியாயம்?' கையெழுத்து இல்லை.

பிலிப்பைன்ஸின் டுமகெட்டே நகரத் தெருநாய்ப் பாதுகாப்புச் சங்கத்தார் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெளிந்தார்கள். ஊருக்கே 'மனாங் ரெமி', அதாவது ரெமி அக்காவான ரெமெடியோஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்து நிதானமாக விசிறிக்கொண்டிருந்தார்.

போன தேர்தலில் குழுத் தலைவராக இருந்தவர் தன் மைத்துனனை நிறுத்தி ஜெயிக்கவைத்தார். மைத்துனன் சங்கத்தின் நாய்க் காப்பக முற்றத்தில் தன் கரும்பு லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினான். நாய்கள் லாரிக்கு அடியில் படுத்தன. அதனால்தான் இந்தத் தடவை ஊரிலேயே நேர்மையான ஆளைத் தேடித் தியோஃபிலோவைப் பிடித்தார்கள். பயணிகள் கப்பலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாமல் ஏறியதற்காகப் பெற்ற தாயையே அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டவர்.

"வேற யாரும் நிக்க வரலையே, மனோங்" என்றார் புரிங். "சோறு போடுறது, ஊசி போடுறது எல்லாமே மனாங் ரெமிதான். அவங்களை விட்டா ஆளு ஏது?"

"ஆளு இருக்கா இல்லையாங்கிறது வேற பேச்சு. பார்க்கிறவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுதுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அந்த இடத்திலேயே தியோஃபிலோ குழுத் தலைமையிலிருந்து விலகினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கே கண் கலங்கியது.

அடுத்த கூட்டத்தில் பெட்டியைத் திறந்தால் இன்னொரு சீட்டு. 'மனைவி ஜெயிக்கவேண்டும் என்பதற்காகவே பதவியைத் தூக்கி எறிந்த தியாகிக்கு வாழ்த்து.'

தியோஃபிலோ விலகலை வாபஸ் வாங்கினார்.

"இனிமே வீட்டுல தேர்தலைப் பத்தி மூச்சு விடக் கூடாது" என்று ரெமியிடம் சொன்னார்.

"நான் எங்க விட்டேன்? நீதான் தூக்கத்துல கூட விதி எண் சொல்லிக்கிட்டிருக்க" என்றார் ரெமி.

மூன்றாவது சீட்டு வந்தது. 'ஒரே வீடு, ஒரே பானைச் சோறு. உள்ளே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று யார் கண்டது?'

தியோஃபிலோ இதற்கும் வழி கண்டுபிடித்தார். ஜன்னல் திரைகளைக் கழற்றினார். சாப்பாட்டு மேசையைத் தூக்கி வாசலில் போட்டார். உறுப்பினர்கள் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கேட்கலாம் என்று அறிவித்தார். முதல் நாள் புரிங் மட்டும் வந்தார், அதுவும் சங்கடத்தோடு. மறுநாள் தெருவே வந்தது. ஒருவர் வேர்க்கடலை விற்றார். பின்னால் நின்றவர்கள் முன்னால் இருந்தவர்களை உட்காரச் சொன்னார்கள்.

ரெமி மீன் சூப்பை ஊற்றினார். தியோஃபிலோ ஒரு வாய் குடித்தார்.

"நல்லா இருக்கு" என்றார். பழக்கம்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மறுநாள் பெட்டியில் சீட்டு தயாராக இருந்தது. 'குழுத் தலைவர் பொதுமக்கள் முன்னிலையில் ஒரு வேட்பாளரைப் புகழ்ந்தார்.'

கணக்கைச் சரிக்கட்ட அன்று சாயங்காலம் சூப்பைக் குடித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உப்பு பத்தல" என்றார்.

"என்னது?" என்றார் ரெமி.

"குழுத் தலைவர்ங்கிற முறையில சொன்னேன்."

"அப்ப குழுத் தலைவரே எந்திரிச்சுப் போய் உப்பு எடுத்துக்கட்டும்."

கடலைக்காரர் கை தட்டினார். அடுத்த சீட்டு இன்னும் காரமாக இருந்தது. 'தேர்தல் நேரத்தில் வேட்பாளரின் சமையலை அவதூறு செய்வது அப்பட்டமான சதி. தேர்தல் முடியும்வரை இந்த மனிதர் வேட்பாளரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. சங்கத்துக்குச் சொந்தமான இடத்தில், நாலு பேர் பார்க்கும்படி தங்கட்டும்.'

தியோஃபிலோ சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மனோங், எவனோ கிறுக்குறதுக்கெல்லாம் ஆடாதீங்க" என்றார் புரிங்.

"கிறுக்கோ என்னவோ, சொல்றதுல நியாயம் இருக்கு."

சங்கத்துக்குச் சொந்தமான இடம் என்றால் காப்பகம்தான். அதன் காவலாளி இஸ்கோ, மகள் கல்யாணத்துக்காகச் சிகிஹோர் தீவுக்குப் போயிருந்தான். அறை காலி. தியோஃபிலோ ஒரு தலையணையும் சங்க விதிப் புத்தகமும் எடுத்துக்கொண்டு போனார். ரெமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையசைத்தால் ஆதரவாகிவிடுமோ என்று தியோஃபிலோ திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே போனதும் புதுச் சிக்கல். வேட்பாளர் என்ற முறையில் ரெமி காப்பகத்தின் வாசலுக்கு வந்து பிரசாரம் செய்தார். சட்டப்படி அதைத் தடுக்க முடியாது.

"மூணாவது கூண்டைப் பாருங்க. கழுவி எத்தனை நாளாச்சோ" என்று வேலிக்கு வெளியே நின்று பேசினார் ரெமி. "நான் தலைவரா வந்தா முதல் வேலை அதுதான்."

தியோஃபிலோவுக்குத் திக்கென்றது. கூண்டு அழுக்காக இருந்தால் அது ரெமிக்குச் சாதகம். தான் இருக்கும் இடத்தில் ஒரு வேட்பாளருக்குச் சாதகமான அழுக்கு இருக்கலாமா? வாளியும் துடைப்பமும் எடுத்துக் கூண்டைக் கழுவினார்.

மறுநாள் ரெமி சொறிநாய்களுக்கு மருந்துக் குளியல் இல்லையே என்று பேசினார். நடுநிலை காக்கத் தியோஃபிலோ ஒவ்வொன்றாகப் பிடித்துக் குளிப்பாட்டினார். கர்னல் என்ற குருட்டு நாய் அவர் முழங்கையைக் கடித்தது. அதற்கு அடுத்த நாள் கஞ்சி அடிபிடிக்கிறது என்றார் ரெமி. தியோஃபிலோ விடிகாலையில் எழுந்து அடுப்பு முன்னால் நின்று கிண்டினார். கூரை ஒழுகுகிறது என்றார். இவர் கூரை மேல் ஏறினார்.

"பாவம், உங்களுக்கு எதிரா யாரோ வேலை பார்க்கிறாங்க" என்றார் பார்க்க வந்த புரிங்.

"நாய்ங்களையும் பார்க்கிறேன், நியாயத்தையும் பார்க்கிறேன். ரெண்டுமே கடிக்குது" என்றார் தியோஃபிலோ. பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெமி சாப்பிடுறாளா? இது குழுத் தலைவர் கேக்கல" என்றார்.

தேர்தல் நாள் வந்தது. காப்பக முற்றத்திலேயே கூட்டம். நாய்கள் பளபளவென்று இருந்தன. கர்னல், தியோஃபிலோவின் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது. தியோஃபிலோ மூன்று தடவை கேட்டும் வேறு பெயர் வரவில்லை. எதிர்ப்பு உண்டா என்று கேட்டார், இல்லை. புகார்ப் பெட்டியை எல்லோர் முன்னிலையிலும் கவிழ்த்துக் காட்டினார், காலி. ரெமெடியோஸ் ஒருமனதாகத் தேர்வானார்.

தியோஃபிலோ பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தினார். ஒரு மனிதன் வீட்டை விட்டு, சூப்பை விட்டு, நாய்க்கடி பட்டு, கடைசியில் ஒரு குறையும் சொல்ல முடியாத தேர்தலை நடத்திக் காட்டியிருக்கிறான். ரெமியின் பக்கத்தில் போய் நின்றார். இத்தனை நாளுக்குப் பிறகு கையைப் பிடித்தார்.

"இப்பச் சொல்லலாம்ல? அன்னிக்கு உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

"தெரியும்" என்றார் ரெமி.

அப்போது தோளில் பையும் கையில் கல்யாணப் பலகாரப் பொட்டலமுமாக இஸ்கோ உள்ளே வந்தான். கழுவிய கூண்டுகளையும், குளித்த நாய்களையும், அடைத்த கூரையையும் வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு பொட்டலத்தைத் தியோஃபிலோவின் கையில் வைத்தான்.

"நான் ஊருக்குப் போயிட்டா நாய்ங்களை யாரு பார்ப்பாங்கன்னு கேட்டேன், மனோங். 'நீ கவலைப்படாமப் போ, நாலு புகார் எழுதிப் போட்டா அவரே தலையணையோட வந்து படுத்துக்குவாரு'ன்னு மனாங் ரெமி சொன்னப்ப, சத்தியமா நான் நம்பவே இல்ல."