வைண்டிங்காரர் கோழிக்கு ஈரல் வீக்கம்

ஸ்கேன் சென்டரில் கோழியை மடியில் வைத்துக்கொண்டு டோக்கன் வாங்கி உட்கார்ந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கம்பம் ஊர்க்காரர்.

பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுவது தொழில். வைண்டிங்காரர் என்றே அழைத்தோம். பெயரை யாரும் கேட்டதில்லை. மனைவி இறந்தபின் அவர் அதிகம் பேசியது ஒரு கோழியோடுதான். பகலெல்லாம் அது பட்டறைக்குள் அடைந்து கிடக்கும். ராத்திரி புரோட்டாவும் சால்னாவும் இருவருக்கும் ஒரே தட்டில்.

எண்பதுகளின் கடைசியில் அது தீனியை விட்டது. வயிறு உப்பியது. தெருவில் குழம்புக்கு நாள் குறித்தார்கள். கால்நடை டாக்டர் தடவிப் பார்த்து, ஈரலாக இருக்கலாம், அறுத்துப் பார்த்தால்தான் உறுதி என்றார்.

“அறுத்தபெறகு தெரிஞ்சு ஆருக்குய்யா பிரயோசனம்?” என்று கேட்டார் வைண்டிங்காரர். மோட்டாரைக் கழற்றாமலே காது வைத்துக் கோளாறு சொல்கிறவர் அவர். தேனியில் திறக்காமலே உள்ளே பார்க்கும் மெஷின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அடுத்த வீட்டுக்காரனான என்னையும் பஸ் ஏற்றினார்.

அங்கே பெஞ்சு நிறையக் கர்ப்பிணிகள். ஒருத்தி கோழியைக் காட்டி, “இதுக்கு எத்தனாவது மாசம்ணே?” என்றாள்.

“முழுகாம இல்லத்தா. ஈரல்ல கோளாறு.”

அவர் சொன்ன விதத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. கேட்டவளே நகர்ந்து இடம் விட்டாள்.

ஸ்கேன் டாக்டர் முதலில் வெளியே போகச் சொன்னார். இவர் அசையாமல் நிற்கவே, எல்லோருக்கும் கடைசியாக வரச் சொன்னார். கோழியை மல்லாத்தி, கால்களை நான் பிடித்துக்கொண்டேன். இறகுக்குள் காற்று இருந்தால் படம் விழாதாம். தண்ணீர் தொட்டு இறகை விலக்கி, நெஞ்செலும்புக்குக் கீழே ஜெல் தடவினார். உள்ளேயும் காற்றுப்பைகள், நடுவில் சின்ன இடம்தான் கிடைத்தது. அது போதுமாயிருந்தது. திரையில் ஈரல் அளவுக்கு மீறிப் பெருத்து, வெளுத்துத் தெரிந்தது.

“கொழுப்பு. என்ன போடுறீங்க?”

“நான் திங்கிறதுதான் சார்.”

டாக்டர் ஜெல்லைத் துடைத்துவிட்டார். இனிமேல் கீரையும் கொஞ்சம் தானியமும்தான், அடைத்து வைக்கக்கூடாது, மண்ணைக் கிளறி ஓடித் திரிய வேண்டும் என்றார்.

பட்டறை வாசலில் மண் ஏது? லாரி ஓடும் ரோடு. மறுநாளே காமயகவுண்டன்பட்டியில் தெரிந்தவருடைய திராட்சைத் தோட்டத்தில், அங்கிருந்த கோழிகளோடு விட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் புரோட்டாக் கடைப் பக்கம் அவரைக் காணோம். கேட்டால், பசிக்கவில்லை என்பார்.

சில மாதம் கழித்துப் பார்க்கப் போனோம். பந்தலுக்கடியில் அது ஒரு சேவலையே விரட்டிக்கொண்டிருந்தது. அவர் “பா... பா...” என்று கூப்பிட்டார். நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஓடிவிட்டது.

“என்னய மறந்துருச்சு,” என்றார். பிறகு, “நல்லாருக்கு.”

தோட்டத்தை ஒட்டிய ரோட்டில் கடைசி டவுன் பஸ் வந்து நின்றது. அவர் நகரவில்லை. கண்டக்டரைப் போகச் சொல்லிக் கையசைத்துவிட்டு, நானும் வரப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.