ஷாக்கு அண்ணனும் என் பிரஷரும்

போடியிலிருந்து மேலே ஜீப் ஓட்டுகிறவர்களில், உடம்பில் எது நடந்தாலும் ஒரே காரணம் சொல்லும் ஆள் ஷாக்கு அண்ணன் ஒருவர்தான். சிறுநீரகக் கல்லை 'ஷாக் வேவ்' என்கிற அதிர்வலை வைத்து உடைத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சரான நானும், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களும் தினமும் அவர் ஜீப்பில்தான் மலையேறுவோம்.

"மீசையில இடது பக்கம் மட்டும் நரைக்குது பாருங்க. ஷாக்கு வச்ச வேலைதான்."

"ஷாக்கு வச்சது முதுகுலண்ணே," என்றாள் ஒருத்தி.

"முதுகு எது, மீசை எதுன்னு கரண்டுக்குத் தெரியுமா ஆத்தா?"

அது கரண்டே இல்லை, வெறும் அதிர்வு என்று டாக்டர் சொல்லியும் அண்ணன் கேட்கவில்லை. மொச்சைக் குழம்பு கசந்தது, கொட்டாவி கூடியது, மச்சினனைக் கண்டால் எரிச்சல் வந்தது எல்லாமே அதனால்தான். அந்த எரிச்சல் கல்யாணத்தன்றே வந்துவிட்டது என்று அவர் மனைவி என்னிடம் தனியாகச் சொன்னார்.

பிறகு எனக்கும் கல் வந்தது. அதே சிகிச்சை. கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில் அண்ணன் விடாமல் பிடித்துக்கொண்டார். "அப்பப்ப பிரஷர் பாக்கச் சொன்னாகள்ல? பாத்தீகளா டீச்சர்?"

நான் சிரித்தே மழுப்பிவந்தேன். தலைவலி வந்தபோதும் மலைப்பாதை வளைவுகளைத்தான் திட்டினேன். ஒருநாள் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு ஏறியதும், அண்ணன் ஊருக்குள்ளேயே ஒரு கிளினிக் வாசலில் ஜீப்பை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டீச்சர் பிரஷர் பாத்துட்டு வந்தாத்தான் வண்டி நகரும்."

"எங்களுக்குச் சோலி கெடக்கு. வெரசா போயிட்டு வாங்க டீச்சர்!" என்று பெண்கள் கத்தினார்கள். கோபத்தோடு இறங்கிப் போனேன்.

பிரஷரைப் பார்த்த டாக்டர் முகம் மாறி, மறுபடியும் பார்த்தார். ரொம்ப அதிகம்.

"கல்லு உடைச்சதாலயா டாக்டர்?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. சிலருக்கு அதனால வரலாமோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. வயசும் பரம்பரையும்கூடக் காரணமா இருக்கலாம். கவனிக்காம விட்டிருந்தா கிட்னியே கெட்டிருக்கும். நல்லவேளை வந்தீங்க."

வெளியே வந்து சொன்னேன். ஜெயித்துவிட்டதாக அண்ணன் ஆடுவார் என்று நினைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு வந்ததெல்லாம் நானாச் சொல்லிக்கிட்டதுதான் டீச்சர். உங்களுக்கு நெசமாவே வந்துருச்சே."

அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடிப் பாத்திரம் ஏற்றியவரைப் போல ஓட்டினார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது. வேலைக்கு நேரமானது, ஆனால் ஜீப்பில் ஒருத்தியும் அவரை அவசரப்படுத்தவில்லை.

இப்போது பிரஷர் அடங்கியிருக்கிறது. காலையில் மாத்திரை போடும்போது, சாமியை நினைப்பதற்கும் முன்னால் அந்த மனுஷன் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.