கடல் குதிரையைப் பொறுக்கி எடுக்கப் போனேன்

என் விரல்களை நான் நம்புவதில்லை. நான் யோசித்து முடிப்பதற்குள் அவை வேலையை முடித்துவிடும். சாலைக் கடைத்தெருவில் எங்களுக்குப் பருப்பு வியாபாரம். உள்ளங்கையில் பருப்பு விழுந்ததும் கண் கல்லைத் தேடும், விரல் அதைக் கிள்ளி எறியும். (கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்குக்கூட ஒருமுறை கை போயிருக்கிறது. அதை விடுங்கள்.)

நாற்பது வயதில் எனக்கு முத்துக்குளிக்கும் ஆசை மாதிரி ஒன்று வந்து, கோவளத்தில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்த மலையாளப் பெண் ஷைனி படகிலேயே எச்சரித்தாள்.

"அண்ணா, இன்னைக்கு ஒரு குட்டிக் கடல் குதிரையைக் காட்டித் தரேன். நகம் அளவுதான் இருக்கும். பவழ விசிறியில அதே நிறத்தில ஒட்டியிருக்கும். தொடக் கூடாது, ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. கை ரெண்டும் நெஞ்சில, கேட்டோ?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

கீழே இளஞ்சிவப்பில் ஒரு பவழ விசிறி. (எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் கூடிவிடும் என்று ஷைனி சத்தியம் வாங்கியிருக்கிறாள்.) அவள் தள்ளி நின்று விரலால் காட்டினாள். எவ்வளவு உற்றுப் பார்த்தும் குதிரையைக் காணோம். விசிறி முழுக்க மொட்டு மொட்டாக ஒரே சீராக இருக்க, ஒன்று மட்டும் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. ஏதோ குப்பை மறைக்கிறது என்று நினைத்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிளம்பிவிட்டன.

அந்தக் குப்பைக்குக் கண் இருந்தது.

நான் அலறியதில் வாயிலிருந்த குழாய் நழுவியது. ஷைனி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, குழாயைத் திணித்து, மேலே போகச் சொல்லிக் கட்டைவிரலைக் காட்டினாள். கடல் குதிரை வாலை இறுக்கிச் சுற்றிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டியது.

படகில் ஏறியதும் அவள் என் முதுகுச் சிலிண்டரைக் கழற்றி வைத்தாள். பிறகு, "அது ஆணாக்கும். வயிறு கண்டில்லையா? உள்ள குஞ்சுங்க இருக்கு. நீங்க நுள்ளி எடுத்திருந்தா மொத்தக் குடும்பமும் போயிருக்கும்," என்றாள்.

"ஆணுக்கா?" என்றேன். அன்றைய இரண்டாவது அதிர்ச்சி. இரண்டு பிள்ளை பெற்றும் ஒருநாள்கூட வயிறு கனக்காத எனக்கு, அந்தத் தகப்பனை நினைத்து அவமானமாக இருந்தது. பயந்து இடம் மாறினால் அது பிழைக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

மறுநாள் கடையில் எதுவும் ஓடவில்லை. பதினொரு மணிக்கு ஷைனி போனில் கூப்பிட்டாள். "அது அங்கதான் உண்டு, அண்ணா." அப்படியே துவரை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் என் மகள் கல்லூரித் தோழிகளோடு ஷைனியிடம் டைவிங் போனாள். வந்ததும் மகள் சொன்னாள்: "அப்பா, சேச்சி எல்லாருக்கும் முதல்ல ஒரு கதை சொல்றா. சாலைக் கடைத்தெருக்காரன் ஒருத்தன் கர்ப்பமா இருந்த கடல் குதிரையக் குப்பைன்னு பொறுக்கப் போனானாம். இப்படியும் ஒரு மண்டன் இருப்பானா?"

நான் அவளைவிடப் பலமாகச் சிரித்தேன். அடுப்படியில் இருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"அந்த மண்டனுக்குத்தாம் மக்கா, நாலாவது தோசை சுட்டுட்டு இருக்கேன்."